ஆள், மிஷின், சாமான்: வீட்டு வேலைக்குத் தேதி போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீட்டுக் கட்டுமான வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். சொந்த வீடு கட்டுகிறவர்கள், சின்ன அளவில் ஒப்பந்தம் எடுப்பவர்கள், படிப்பு முடித்து முதல்முறையாக சைட்டுக்கு வரும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: போட்ட தேதி ஏன் நிற்பதில்லை? அதையொட்டி அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் ஆயிரம் சதுர அடியில் ஒரு சாதாரண வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைகளை வரிசையா எழுதி, பக்கத்துல தேதி போட்டா அட்டவணை ஆயிடாதா?

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக்கால், பேஸ்மென்ட், சுவர், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, தரை, பெயின்ட். மேஸ்திரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தேதி போடும் இடத்தில்தான் கோளாறு வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே இதை யார் செய்யப்போகிறார், அவருக்கு என்ன கருவி வேண்டும், என்ன சாமான் இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒன்றுசேரும் நாள்தான் அந்த வேலை தொடங்கும் நாள். அதற்கு முன்னால் எந்தத் தேதியைப் போட்டாலும் அது வெறும் ஆசை.

மூணுல எதை முதல்ல பிடிக்கணும்?

எது கிடைப்பது அரிதோ அதை. அது ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். மழைக்கு முன்னால் ரூஃப் போட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடும் ஆகஸ்ட், செப்டம்பரில் சென்ட்ரிங் ஆள், அதாவது கான்கிரீட்டைத் தாங்க ஷீட்டும் முட்டுக் கழியும் அடிப்பவர், கிடைக்க மாட்டார். தீபாவளி, பொங்கலை ஒட்டி பெயின்டரும் டைல்ஸ் ஆளும் கிடைக்க மாட்டார்கள். கல் உடைக்கும் கிரஷர் நின்றுபோனால் அதிலிருந்து வரும் எம்-சாண்ட் மணல் கிடைக்காது. அரிதான அந்த ஒருவரின் நாளை, அல்லது அந்த ஒரு லோடின் நாளை, முதலில் வாங்கிக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

போன் போட்டால் மறுநாள் வந்து நிற்கும் ஜேசிபிக்கு மூன்று வாரத் திட்டம் தேவையில்லை. கவனம் முழுவதையும் எல்லாவற்றிலும் செலுத்த முடியாது, செலுத்தவும் வேண்டாம்.

ஒரு வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள்னு எப்படிக் கணக்குப் போடறது?

அளவு, ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் வேலை. இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 15,000 செங்கல் கட்டுமானம் இருக்கிறது, ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு கொத்தனார் நாளுக்குச் சுமார் 500 கல் வைக்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 30 கொத்தனார் நாள். மூன்று கொத்தனார் என்றால் பத்து நாள்.

இந்தப் பத்து நாள் காகிதக் கணக்கு. ஒரே நாளில் சுவரை ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது இந்திய தர நிர்ணயத்தின் விதி, ஈரக் கலவை பாரம் தாங்காது. நடுவில் லிண்டல் கான்கிரீட் வரும், சாரம் கட்ட வேண்டும், நிலை வாசற்கால் வைத்து நூல் பிடிக்க வேண்டும். ஆகவே இரண்டரை வாரம் என்று எழுதுங்கள். அதே கணக்கிலிருந்து சாமானும் வந்துவிடும். மூன்று கொத்தனார் நாளுக்கு 1,500 கல் வைப்பார்கள். ஒரு லோடில் 3,000 கல் வந்தால் இரண்டு நாளுக்கு ஒரு லோடு. சூளைக்காரரிடம் இந்த வேகத்தைச் சொல்லி வையுங்கள். "கல் வேணும், அனுப்புங்க" என்று மட்டும் சொன்னால், அவருக்கு வசதிப்பட்ட நாளில்தான் கல் வரும்.

அடுத்தவர் சொன்ன வேகத்தை நம்பாமல், உங்கள் சைட்டில் முதல் மூன்று நாளில் எத்தனை கல் ஏறியது என்று எண்ணிப் பாருங்கள். மீதி நாளுக்கு அதுதான் உண்மையான எண்.

ஆளை ரெண்டு மடங்கா போட்டா பாதி நாள்ல முடிஞ்சிடுமா?

சில வேலையில் முடியும், பலவற்றில் முடியாது. காம்பவுண்டு சுவர் நீளமாக இருக்கிறது, ஆறு கொத்தனாரை வரிசையாக நிறுத்தலாம். பத்துக்குப் பத்து அறைக்குள் பூச்சு வேலைக்கு ஆறு பேரை விட்டால் ஒருவர் கை இன்னொருவர் மேல் இடிக்கும். கொத்தனாரை இரட்டிப்பாக்கினால் சித்தாளையும் கலவையையும் சாரப் பலகையையும் இரட்டிப்பாக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில்தான் கலவை போட முடியும் என்றால் கூடுதல் ஆள் கரண்டியோடு காத்துக்கொண்டிருப்பார். அந்தக் காத்திருப்புக்கும் கூலி உண்டு.

தண்ணீர் விட்டு ஆற வைக்கும் நாளை எத்தனை ஆள் போட்டாலும் குறைக்க முடியாது.

ஆயிரம் சதுர அடி ரூஃப் கான்கிரீட். முதல் நாள் சாயங்காலம் கையில என்னென்ன இருக்கணும்?

ஆளும் மிஷினும் சாமானும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் கூடியாக வேண்டிய வேலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

125 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அங்குல கனத்தில் 1,000 சதுர அடி என்றால் சுமார் 11.6 கன மீட்டர். எம்20 என்ற கான்கிரீட் தரத்துக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், ஆக 93 மூட்டை. லாரிக்காரர் கணக்கில், அதாவது 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், மணல் ஒன்றே முக்கால் யூனிட், ஜல்லி மூன்றரை யூனிட். பீம்களுக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், சேதாரத்துக்கும் கொஞ்சம் வையுங்கள். ஒரு மூட்டை பிடிக்கும் மிக்சரில் ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் ஆனால் 93 சுற்றுக்கு ஆறு மணி நேரம் தாண்டும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பீமையும் சேர்த்து சாயங்காலம் மூன்று, நாலு ஆகும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் இருட்டிவிடும், விளக்கு வெளிச்சத்தில் மட்டம் பார்க்க வேண்டி வரும்.

வேலையை நிறுத்துவது பெரும்பாலும் பெரிய சாமான் இல்லை. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் போதாது, கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது, கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டரின் ஊசி ஒன்றுதான் இருந்தது, அதுவும் பழுது என்பார்கள். எல்லோரும் மறந்துபோகும் ஆள் எலக்ட்ரீஷியன். அடிக்கம்பி கட்டி முடித்த பிறகுதான் அவர் பைப்பும் ஃபேன் பெட்டியும் வைக்க முடியும், கான்கிரீட்டுக்கு முன்னால் முடித்தும் ஆக வேண்டும். அவருக்கு ஒரு முழு நாளை அட்டவணையில் தனி வரியாக எழுதுங்கள். மேலே மூட தார்ப்பாயும் வேண்டும். கோடையிலும் திடீர் மழை வரும்.

ரெடிமிக்ஸ் என்றால் கணக்கு மாறும். 6 கன மீட்டர் லாரியில் இரண்டு நடை, பீமுக்குக் கூடுதலாக. பிளாண்டில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான இந்திய தர நிர்ணய விதி ஐஎஸ் 4926. அப்போது அரிதான பொருள் நேரமும் தெருவும்தான். புதுச்சேரியில் புல்வார்டுக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றிய சாலைக்குள், இருக்கும் தெருக்களிலும், திருப்பாதிரிப்புலியூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் லாரியும் பம்பும் எங்கே நிற்கும் என்று முன்னதாகவே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சென்ட்ரிங் ஆளு ஏழு நாள்ல பிரிச்சுத் தாங்கன்னு நெருக்குறார். பிரிக்கலாமா?

அவர் நெருக்குவது நியாயமான காரணத்தால்தான். அவருடைய ஷீட்டும் கழியும் உங்கள் வீட்டில் நிற்கும் வரை அவருக்கு அடுத்த வேலை இல்லை. ஆனாலும் நாள் முடியாமல் விடக்கூடாது. கான்கிரீட்டுக்கான இந்திய தர நிர்ணய விதி ஐஎஸ் 456 சொல்வது இது: தளத்தைத் தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுக் கழிகளை 7 நாள் கழித்து எடுக்கலாம், அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21 நாள். தூண், பீம் பக்கப் பலகைகளை மட்டும் 16 முதல் 24 மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

இந்த நாட்கள் சாதாரண ஓபிசி சிமெண்ட்டுக்கு. இப்போது கடையில் வீட்டு வேலைக்குக் கொடுப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி. அது மெதுவாக பலம் பிடிக்கும், கூடுதல் நாள் வேண்டும். ஆகவே வீட்டு ரூஃபுக்கு 14 நாளுக்குக் குறையாமல் எழுதுங்கள், நீளமான பீம் இருந்தால் இன்ஜினியர் சொல்லும் நாள். ஒப்பந்தம் பேசும்போதே இந்த நாளைச் சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது.

ரெண்டு சைட்டுக்கு ஒரே சென்ட்ரிங் செட். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்ட முடியாதா?

முந்தின பதிலின் நாட்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். சென்ட்ரிங் அடிக்க நாலு நாள், கம்பி கட்ட மூன்று நாள், கான்கிரீட் ஒரு நாள், காத்திருப்பு 14 நாள், பிரிக்க ஒரு நாள். ஒரு செட் ஒரு வீட்டில் 23 நாள் மாட்டிக்கொள்கிறது. நெல்லிக்குப்பத்திலும் அரியாங்குப்பத்திலும் ஒரே நாளில் பூஜை போட்டிருக்கலாம், ரூஃப் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டுத்தான் விழும்.

ஆகவே இரண்டு வீட்டையும் வேண்டுமென்றே மூன்றரை வாரம் தள்ளித் தொடங்குங்கள். கொத்தனார் குழு முதல் வீட்டுச் சுவரை முடித்துவிட்டு இரண்டாவது வீட்டுக்குப் போகும், சென்ட்ரிங் அதன் பின்னால் போகும். யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். தள்ள முடியாது என்றால் இன்னொரு செட் வாடகைக்குப் பேசுங்கள். 3 அடிக்கு 2 அடி ஷீட் என்றால் ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 167 ஷீட். இந்தக் கரையோர மணல்வெளியில் சவுக்குத் தோப்பு நிறைய இருப்பதால் கழிக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை, ஷீட்டுக்குத்தான்.

மழைக்காலத்தை அட்டவணைல எப்படிக் காட்டறது?

நம் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. ஆண்டு முடிகிற நேரம், இனி ஒன்றும் வராது என்று யாரும் இருந்துவிட முடியாது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து கொட்டித் தீர்த்தது, அடுத்த இரண்டொரு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது.

இதை மனதில் வைத்து மண் வேலையை, கடைக்காலை, பேஸ்மென்ட் நிரப்புவதை செப்டம்பருக்குள் முடிக்கும்படி தொடங்குங்கள். கெடிலம், தென்பெண்ணை ஓரத்து மனைகளிலும் கடலை ஒட்டிய மனைகளிலும் மழைக்காலத்தில் குழி தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் தேங்கிவிடும். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் டீசலுக்குமே நாள் போகும். ரூஃப் போட்டுவிட்டால் மழை மாதங்களை உள்பூச்சுக்கும், சுவர் வெட்டி பைப் பதிக்கவும், பிளம்பிங்குக்கும் ஒதுக்கலாம். வெளிப்பூச்சு, வெளிப் பெயின்ட் இரண்டும் தைக்குப் பிறகு.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் மழைக்கு என்று தூவி வைப்பதால் பயன் குறைவு. வெளி வேலை, உள் வேலை என்று இரண்டாகப் பிரித்து, மழை வந்தால் மறுநாள் காலை எந்த உள் வேலைக்கு ஆளை மாற்றுவது என்று முன்பே எழுதி வையுங்கள். புயல் அடித்தால் வேறு கணக்கு. தானேக்குப் பிறகு பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது, ஆள் எல்லாம் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களை அப்போது சைட்டுக்கு வரச்சொல்லி நச்சரிப்பது சரியில்லை.

சிமெண்ட் விலை ஏறும்னு சொல்றாங்க. மொத்தமா வாங்கி அடுக்கிடலாமா?

வேண்டாம். மூட்டை சிமெண்ட் மூன்று மாதம் கிடந்தால் பலம் கணிசமாகக் குறைந்துவிடும், கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டு, மூன்று வாரத் தேவைக்கு வாங்குங்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், முதலில் வந்ததை முதலில் எடுக்கிற மாதிரி வையுங்கள்.

மொத்தமாக வாங்க வேண்டியது டைல்ஸ். பிறகு வாங்கினால் அதே நிறம், அதே பேட்ச் கிடைக்காது.

மணல், ஜல்லி எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?

சாதாரண நாளில் மூன்று, நாலு நாள் போதும். நம் பக்கத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் பெரும்பாலும் திருவக்கரை வட்டாரத்துக் கிரஷர்களிலிருந்து வருகின்றன. அங்கே நின்றால் இங்கேயும் நிற்கும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மனையில் மணல் இருந்தவர்கள் மட்டும் வேலையை ஓட்ட முடிந்தது. கெட்டுப்போகாத சாமான் என்பதால் இடம் இருந்தால் ஒரு ரூஃபுக்கான மணலும் ஜல்லியும் எப்போதும் மனையில் கிடப்பது நல்லது. புதுச்சேரி சைட் என்றால் எல்லை தாண்டும் லாரியிடம் நடைச்சீட்டு இருக்கிறதா என்று ஏற்றும்போதே கேளுங்கள். சோதனையில் லாரி மாட்டினால் உங்கள் கான்கிரீட் நாளும் சேர்ந்து மாட்டும்.

செங்கல்லுக்கு இன்னொரு விஷயம். மண் செங்கல் சூளைகள் மழையில் அறுப்பதில்லை, காய வைக்க வழியில்லை. மழை மாதங்களில் சுவர் எழுப்ப வேண்டியிருந்தால் செப்டம்பரிலேயே கல்லை இறக்கிவிடுங்கள், அல்லது நெய்வேலிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லுக்கு மாறுங்கள்.

ஆளுங்க எப்பெப்ப வரமாட்டாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். பொங்கலுக்கு ஒரு வாரம், தீபாவளிக்கு நாலைந்து நாள். வடலூர் தைப்பூசம், மாசி மகத் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினமும் வைத்திக்குப்பமும், ஆடியில் அவரவர் ஊர்த் திருவிழா. தை, மாசியில் சம்பா அறுவடை. பண்ருட்டிப் பக்கத்துச் சித்தாள் பெண்கள் கோடையில் முந்திரிக் கொட்டை பொறுக்கப் போவார்கள், தோப்பில் கிடைக்கும் வேலையை அவர்கள் விட மாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையோர ஊர்களிலிருந்து சிலர் கூலி வேலைக்கு வருவதும் உண்டு.

புதுச்சேரியில் அலுவலக வேலை பாக்கி இருந்தால் ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் அங்கே அரசு விடுமுறை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

கேட்பதற்கு நல்ல நேரம் சனிக்கிழமை சாயங்காலம், கூலி கொடுக்கும்போது. எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். "அடுத்த வாரம் யாருக்காவது விசேஷம் இருக்கா?" என்று கேட்டால் காதுகுத்து, கல்யாணம், கோயில் எல்லாம் வந்து விழும். கேட்காமல் திங்கட்கிழமை காலை கோபப்படுவதில் பலனில்லை.

வடநாட்டுப் பசங்களை வச்சா இந்தத் தொல்லையே இல்லைங்கிறாங்களே?

அவர்களுக்கும் வீடு, வாசல், பண்டிகை உண்டு. பீகார்க்காரர்களுக்கு ஹோலியும் சத் பூஜையும், வங்காளத்துக்காரர்களுக்கு துர்கா பூஜையோ ஈத் பண்டிகையோ. போனால் ஒரு மாதம் ஆகிவிடும், குழுவாகவே போவார்கள். சத் பூஜை தீபாவளிக்கு ஆறாம் நாள் வருவதால், தீபாவளிக்கு முன்னால் கிளம்பும் குழுவைக் கார்த்திகை பாதி வரை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வசதி இருக்கிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால் திறக்கிறது. அவர்கள் டிக்கெட் போடும் நாளிலேயே போகும் தேதியும் திரும்பும் தேதியும் உங்களுக்குத் தெரிந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்துப் போட உதவி செய்யுங்கள். தங்க ஒழுங்கான இடமும், கழிப்பறையும், நேரத்துக்குக் கூலியும் கொடுத்த சைட்டுக்குத்தான் திரும்பி வருவார்கள்.

தண்ணி, கரண்ட் எல்லாம் கூடவா அட்டவணைல வரும்?

கண்டிப்பாக வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள், முந்தின நாள் செய்தித்தாளில் ஊர் பெயரோடு போடுவார்கள். கரண்ட் வைப்ரேட்டரை நம்பி அன்றைக்கு ரூஃப் வைத்துவிடாதீர்கள். பெட்ரோல் வைப்ரேட்டர் ஒன்றைச் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் கலவைக்கு மட்டும் இல்லை. ஐஎஸ் 456 படி ஓபிசிக்கு குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும். வெயில் காலத்தில் 10, 14 நாள். கடலோர மனைகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வேலை தொடங்கும் முன்பே சோதித்துவிட்டு, ஆகாது என்றால் டேங்கர் தண்ணீரை ஒரு சாமானாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

லோடு வரலை, ஆள் வந்துட்டாங்க. அன்னைக்குக் கூலி தரணுமா?

தர வேண்டும் என்பது என் கருத்து. முந்தின நாள் சாயங்காலமே வராதீர்கள் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு இடம் போயிருப்பார். வந்த பிறகு திருப்பி அனுப்புவது அவருடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வது.

இந்த நிலைக்கென்று ஒரு கைவேலைப் பட்டியல் வைத்திருங்கள்: கம்பி வெட்டி வளைப்பது, கல் அடுக்குவது, சாரம் மாற்றுவது, கழித்துக்கட்டிய பலகையில் ஆணி பிடுங்குவது. இவை என்றைக்குச் செய்தாலும் சரி என்பதால் அட்டவணையில் தேதி போடாமல் ஓரமாக எழுதுங்கள்.

கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன், ஏழு மாசம்னு வந்துது. ஒம்பது மாசம் ஆகுது. ஏன்?

அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் சிபிஎம் முறையில் கணக்குப் போடுகின்றன. 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முறை அது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று பார்த்து, அதிக நாள் பிடிக்கும் சங்கிலியைக் கண்டுபிடிக்கும். அது தரும் நாள், கேட்டபோதெல்லாம் ஆளும் மிஷினும் கிடைக்கும் என்ற அனுமானத்தில் வருவது. செப்டிக் டேங்க்கும் உள்பூச்சும் ஒன்றையொன்று சார்ந்தவை இல்லை என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டுவிடும். இரண்டையும் செய்ய இருப்பது ஒரே கொத்தனார் குழு என்பது நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

வேலைக்கு எதிரே ஆளையும் கருவியையும் ஏற்றிவிட்டு, ஒரே நாளில் இருப்பதைவிட அதிகம் கேட்கும் இடங்களைத் தேடுங்கள். தளர்வு உள்ள வேலையை, அதாவது நாலு நாள் தள்ளினாலும் முடிவு தேதியைப் பாதிக்காத வேலையை, முதலில் நகர்த்துங்கள். அப்படியும் மோதல் தீரவில்லை என்றால் இரண்டே வழிதான்: முடிவு தேதியைத் தள்ள வேண்டும், அல்லது இன்னொரு குழு வேண்டும். இதை முதல் மாதத்திலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். எட்டாவது மாதத்தில் தெரிய வந்தால் அவர் எப்படித் தாங்குவார்? வாடகை வீட்டில் இருந்துகொண்டு கடன் தவணையும் கட்டுகிறவர் அவர்.

பேங்க் லோன் தவணை தவணையா வருது. பணம் வர வரைக்கும் வேலை நிக்குது. இதுக்கு என்ன வழி?

பணத்தையும் ஒரு சாமானாக எழுதுங்கள். பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று நிலை முடிந்த பிறகு வங்கி ஆள் வந்து பார்த்து, அப்புறம்தான் தொகை விடுவிப்பார்கள். அந்த இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்நேரத்தில் செலவு குறைந்த வேலை வரும்படி அடுக்குங்கள். ரூஃப் போட்ட பின் வரும் 14 நாள் காத்திருப்பு இதற்குத் தோதானது. கான்கிரீட் போட்ட மறுநாளே வங்கிக்குச் சொல்லிவிட்டால் சென்ட்ரிங் பிரிப்பதற்குள் பணமும் வந்து சேர வாய்ப்பு உண்டு.

தை மாசம் கிரகப்பிரவேசம், நாள் குறிச்சு பத்திரிகையும் அடிச்சாச்சு. பின்னாடியிருந்து கணக்குப் போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். குறைக்கவே முடியாத நாட்களை முதலில் பின்னாலிருந்து வையுங்கள். பூச்சு ஆறி ஈரம் வற்றாமல் பட்டி (பெயின்ட்டுக்கு முன் பூசும் மாவு) பார்க்கக்கூடாது, டைல்ஸ் ஒட்டிய தரையில் உடனே நடக்கக்கூடாது, மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்க இரண்டு, மூன்று நாள், முட்டு நிற்கும் நாட்கள். நடுவில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை என்பதால் மேலே சொன்ன மழைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஆசாரிக்கும் அலுமினிய ஜன்னல்காரருக்கும் அளவு கொடுத்ததிலிருந்து எத்தனை வாரம் என்று கேட்டு அதையும் வையுங்கள்.

மீதி நாள் போதவில்லை என்றால், விழாவுக்கு எது முடிந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். பூஜை அறை, கூடம், சமையலறை, ஒரு கழிப்பறை, கைப்பிடிச் சுவர், மின்சாரம் முடிந்தால் பால் காய்ச்சலாம். மேல் மாடி, வெளிப் பெயின்ட், காம்பவுண்டு பிறகு. கைப்பிடியை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், விழா நாளில் குழந்தைகள் மாடிக்கு ஓடுவார்கள்.

ஏற்கெனவே ஒரு மாசம் பின்தங்கிட்டோம். இப்ப எங்கேருந்து பிடிக்கறது?

பழைய அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். இன்றைக்கு நின்றிருக்கும் நிலையிலிருந்து அடுத்த மூன்று வாரத்துக்கு மட்டும் புதிதாக ஒரு தாள் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முதல் பதிலில் சொன்ன மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருப்பவை அடுத்த வாரம் நடக்கும். ஒன்று குறைபவைக்கு, குறையும் அந்த ஒன்றின் பெயரையும் அதைக் கொண்டுவரப் போகிறவர் பெயரையும் எழுதுங்கள். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரோடும் அந்தத் தாளைப் பத்து நிமிடம் பாருங்கள்.

அந்தத் தாளில் ஒரே பெயர் நாலைந்து வேலைக்கு எதிரே வருகிறதா என்று கவனியுங்கள். எலக்ட்ரீஷியன் வராததால் பூச்சு, பூச்சு முடியாததால் ஜன்னல் அளவு, ஜன்னல் இல்லாததால் பட்டி என்று எல்லாமே ஒருவரிடம் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். பழைய பாக்கி ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.